பரவும், பரவாது: ஒரு சுவரொட்டி விமர்சனம்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம். அரசு ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கிற விழிப்புணர்வு போஸ்டருக்கு யாரும் விமர்சனம் எழுதி நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் நம் ஊரில் எந்தக் கவிதைப் புத்தகத்தை விடவும் அதிகம் பேர் படித்த எழுத்து அதுவாகத்தான் இருக்கும். ஓ.பி. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது படிக்க வேறென்ன இருக்கு?

நான் சொல்வது எச்.ஐ.வி. போஸ்டரை. பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் பரவும் வழிகள்: பாதுகாப்பற்ற உடலுறவு, பரிசோதிக்காத ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு. மறுபக்கம் பரவாதவை: கைகுலுக்குவது, கட்டிப்பிடிப்பது, ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே கழிப்பறை, இருமல், தும்மல், கொசு. படம் மாறும், வண்ணம் மாறும், இந்த இரண்டு பட்டியல் மட்டும் மாறாது. நான் ப்ளஸ் டூ படித்தபோது வேதாரண்யத்தில் பார்த்ததும், போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பார்த்ததும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பட்டியலில் தப்பு எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் சரி. என் புகார் அது இல்லை. இவ்வளவு சரியான ஒரு விஷயம், முப்பது வருஷமாக இத்தனை பேர் கண்ணில் பட்டும், ஏன் தேவைப்படுகிற நேரத்தில் வேலை செய்யவில்லை என்பதுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் ஊர்ப்பக்கம்தான் கரையேறியது. நான் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது தென்னை எல்லாம் படுத்துக் கிடந்தது. கரண்ட் கம்பங்களும் அப்படியே. கரண்ட் இல்லை, அதனால் மோட்டார் இல்லை, அதனால் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவர் வீட்டில் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்வோம். அப்படிச் சார்ஜ் ஏறிய போனில் டிசம்பர் முதல் வாரம் ஒரு செய்தி படித்தேன்.

கர்நாடகத்தில், தார்வாட் மாவட்டம், நவல்குந்த் தாலுகாவில் மொரப் என்று ஒரு கிராமம். அந்த ஊர்க் குடிநீர் ஏரியில் ஒரு பெண்ணின் உடல் மிதந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருந்ததாக ஊரில் பேச்சு. அவ்வளவுதான், ஏரித் தண்ணீரை இனி குடிக்க மாட்டோம் என்று ஊரே சொல்லிவிட்டது. சுகாதாரத் துறையிலிருந்து வந்து, தண்ணீரில் இது பரவாது என்று சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. கடைசியில் குழாய்களைப் போட்டு 36 ஏக்கர் ஏரியை இறைத்துக் கொட்டினார்கள். மலப்பிரபா கால்வாய்த் தண்ணீரை விட்டுத் திரும்ப நிரப்புவதாக ஏற்பாடு.

இறந்த உடல் கிடந்த குடிநீரைக் குடிக்க யாருக்கும் மனசு வராது, அது வேறு. அதற்குக் குளோரின் இருக்கு, பரிசோதனை இருக்கு. ஆனால் அந்த ஊர் பயந்தது உடலுக்கு இல்லை, வைரஸுக்கு.

மறுநாள் முடிவெட்டப் போன இடத்தில் இதைச் சொன்னேன். “நாம இங்க ஒரு குடத்துக்கு அடிச்சிக்கிறோம், அவங்க ஏரியையே காலி பண்றாங்களாம்ணே” என்று ஆரம்பித்தேன். அண்ணன் கத்தரியை நிறுத்தினார். “ஏந்தம்பி, நீங்க படிச்சவங்க. அந்தத் தண்ணியக் குடிச்சா வராதுன்னு நிச்சயமாத் தெரியுமா?”

“வராதுண்ணே.”

“அதான், எப்படி வராதுங்குறீங்க?”

“டாக்டருங்க சொல்லியிருக்காங்க.”

“அந்த ஊர்க்காரங்ககிட்டயும் அதைத்தான சொல்லியிருப்பாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்ப வெட்ட ஆரம்பித்தார்.

பி.ஈ. படித்து, வருஷக்கணக்காக கோடு எழுதிச் சம்பாதிக்கிறவன் நான். என் டீமில் யாராவது “ஏன்னு தெரியாது சார், ஆனா ஓடும்” என்று சொன்னால் விட மாட்டேன். அன்றைக்கு நான் சொன்னது அதே பதில். மனப்பாடம் செய்த பட்டியலை ஒப்பித்தேன். ‘ஏரி’ அந்தப் பட்டியலில் இல்லை.

எங்கள் தொழிலில் இதற்கு லுக்-அப் டேபிள் என்று பெயர். கேள்விக்கு நேரே பதில் எழுதி வைத்த அட்டவணை. டேபிளில் இருக்கிற கேள்வி வந்தால் பதில் பளிச்சென்று வரும். இல்லாத கேள்வி வந்தால் புரோகிராம் முழிக்கும். மனிதன் முழிப்பதில்லை, பயப்படுகிறான். ஏரி, கோயில் குளம், துணி துவைக்கும் கல், அன்னதானத்தில் பரிமாறுகிற கை என்று எத்தனையைத்தான் பட்டியலில் சேர்ப்பது? பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் வாழ்க்கை அதைவிட நீளம். தேவை பட்டியல் இல்லை, அதை உண்டாக்கிய விதி.

அதற்குப் பிறகு எனக்காகப் படித்து எடுத்த குறிப்புகள்தான் இனி வருவது.

விதி என்று பார்த்தால் நாலு கேள்விதான். எந்தத் திரவம்? எந்த வாசல்? வைரஸ் உயிர்ப்போடு இருக்கிறதா? எவ்வளவு?

திரவம் என்றால் ரத்தம், விந்து, பெண்ணுறுப்பு மற்றும் ஆசனவாய்த் திரவங்கள், தாய்ப்பால். தொற்றும் அளவுக்கு வைரஸ் இருப்பது இவற்றில்தான். எச்சிலில் மிகக் கொஞ்சம், கூடவே வைரஸைத் தடுக்கிற புரதங்களும் எச்சிலிலேயே இருக்கின்றன. வேர்வை, கண்ணீரால் தொற்றுவதில்லை. வாசல் என்றால் நேராக ரத்தத்துக்குள் போகிற ஊசி, திறந்த புண், அல்லது உடலின் உள்பக்கத்து மென்சவ்வு. காயமில்லாத தோல் மூடின கதவு. மூன்றாவது, இந்த வைரஸ் ஒரு கொழுப்புச் சவ்வைப் போர்த்திக்கொண்டு திரிகிறது. அது கெட்டால் வைரஸ் செத்தது. உடம்பை விட்டு வெளியே வந்து காய்ந்தாலோ, தண்ணீரில் கரைந்து பரவினாலோ தாங்காது. வெளியே பெருகவும் முடியாது, பெருக அதற்கு மனிதனின் சிடி4 வெள்ளணுக்கள் வேண்டும். நாலாவது, அளவு. ஒரு ஏரியில் என்ன அளவு மிஞ்சும்?

மொரப் ஏரியை இந்த நாலு கேள்வியிலும் வைத்துப் பாருங்கள். திரவம் தண்ணீர். வைரஸ் உடம்புக்கு வெளியே. அளவு, கோடிக்கணக்கான லிட்டரில் கரைந்து ஒன்றுமில்லாமல் போனது. வாசல், வாயும் வயிறும். நாலில் ஒன்று கூடத் தேறவில்லை. அண்ணனிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இங்கே ஒரு கேள்வி வரும், எனக்கும் வந்தது. வயிறு வாசல் இல்லை என்றால் தாய்ப்பால் எப்படிக் கடத்துகிறது? நல்ல கேள்வி. குழந்தை ஒரு வாய் குடிப்பதில்லை, மாதக்கணக்கில் தினமும் குடிக்கிறது. அதன் குடல் சவ்வு இன்னும் முதிரவில்லை. அளவும் வாசலும் இரண்டுமே வேறு. அப்படியும் எல்லாக் குழந்தைக்கும் வருவதில்லை. சிகிச்சையே இல்லாத நிலையில், கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் எல்லாம் சேர்த்து 15-லிருந்து 45 சதவீதம் வரை. தாய்க்கு மருந்து கொடுத்தால் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். மருந்து எடுக்கிற தாய் பால் கொடுக்கலாம் என்பதுதான் இப்போது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

அடுத்தது கொசு. எங்கள் ஊரில் இதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. மலேரியா கொசுவால் வருகிறது, டெங்கு வருகிறது, யானைக்கால் வருகிறது, இது மட்டும் ஏன் வராது? நியாயமான சந்தேகம். போஸ்டரில் கொசுப் படத்தின் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும், விளக்கம் இருக்காது. விஷயம் இதுதான்: கொசு ஊசி மாதிரி ஒருத்தர் ரத்தத்தை இன்னொருத்தருக்கு ஏற்றுவதில்லை. அதன் துதிக்கைக்குள் ரத்தம் உறிஞ்ச ஒரு குழாய், எச்சிலை விட வேறொரு குழாய். நமக்குள் வருவது எச்சில். மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்ந்து, பெருகி, நாள்கணக்கில் பயணம் செய்து எச்சில் சுரப்பிக்கு வந்து சேரும். எச்.ஐ.வி.க்கு அந்த வித்தை தெரியாது. கொசுவின் வயிற்றில் அது வெறும் சாப்பாடு, ஜீரணமாகிவிடும்.

அறிவியல் விளக்கம் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு சான்று. 1980-களின் நடுவில் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் பெல் கிளேட் என்ற ஏழை ஊரில் எய்ட்ஸ் நோயாளிகள் நிறைய. சதுப்பு நிலம், கொசுவும் ஏராளம். கொசுதான் காரணம் என்று பேச்சு கிளம்ப, ஆய்வாளர்கள் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தொற்று இருந்தவர்கள் பாலுறவு வயதிலிருந்த பெரியவர்கள். 2 வயதிலிருந்து 10 வயது வரையான சிறுவர்களிடம் இல்லை, 60 தாண்டியவர்களிடமும் இல்லை. கொசு வயசு பார்த்தா கடிக்கும்? இந்த ஒரு வாதத்தைப் போஸ்டரில் போட்டிருந்தால் எங்கள் ஊர் டீக்கடையில் எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

தட்டு, டம்ளர் விஷயத்துக்கும் இப்படி ஒரு ஆய்வு உண்டு. 1986-ல் நியூயார்க்கில், 39 நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 101 பேரைப் பரிசோதித்தார்கள். மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில் கூட இருந்தவர்கள். அப்போது மருந்தும் கிடையாது. தட்டு, டம்ளர், துண்டு, படுக்கை, கழிப்பறை எல்லாம் பொது. சில வீட்டில் பல் துலக்கும் பிரஷ், சவர ரேஸர் கூட. 101 பேரில் தொற்று இருந்தது ஒரே ஒரு குழந்தைக்கு, அதுவும் பிறப்பில் தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வின் முடிவு.

அதே வருஷம் இங்கே நடந்ததும் எனக்குப் பிடித்த கதை. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்ற மாணவி பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வைத்துக்கொள்ள வசதி இல்லாததால் அவற்றைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். பிறகு ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் தொற்று. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது அப்படித்தான். அதாவது முதல் எச்.ஐ.வி. மாதிரிகள் குடியிருந்தது ஒரு குடும்பத்தின் ஃபிரிட்ஜில். பாதுகாப்பு விதிப்படி இதை யாரும் சிபாரிசு செய்ய மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது சலூன் பிளேடு. போஸ்டர்கள் இதை எந்தப் பக்கம் போடுவது என்று தடுமாறும். சிலதில் இந்தப் பக்கம், சிலதில் அந்தப் பக்கம், சிலதில் காணோம். ஏனென்றால் இது ஆம் இல்லை கேள்வி இல்லை, அளவுக் கேள்வி. நோயாளிக்குப் போட்ட ஊசி நர்ஸ் கையில் குத்திவிட்டால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வர 30 சதவீதம் வரை வாய்ப்பு. ஹெபடைடிஸ் சி என்றால் 3 சதவீதம் வரை. எச்.ஐ.வி. என்றால் சுமார் 0.3. உள்ளே குழாய் உள்ள, ரத்தம் தங்குகிற ஊசிக்கே இவ்வளவுதான் என்றால் பிளேடுக்கு இன்னும் சொற்பம். ஆனால் ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பில் ஒரு வாரம் கூட உயிரோடு இருக்கும். அதனால் ஒவ்வொருத்தருக்கும் புது பிளேடு போடச் சொல்லுங்கள், காரணம் மட்டும் வேறு. அண்ணன் கடையில் எப்போதும் புது பிளேடுதான், அது நான் சொல்லி வந்ததில்லை.

போஸ்டரின் முதல் குறை, காரணம் சொல்லாதது. இரண்டாவது குறை இன்னும் மோசம், அது ஒழுக்கம் பேசியது. ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்று எழுதாத சுவர் உண்டா? புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று ஊரெல்லாம் கேட்டார்களே, அதை நான் ஒரு வகையில் மதிக்கிறேன். பட்டியல் போடாமல் கேள்வி கேட்ட ஒரே விளம்பரம் அது. நாங்களும் அதைப் பேசாத நாளில்லை. ஆனால் அந்தக் கேள்வியும் ‘அவன் எப்படிப்பட்ட ஆள்?’ என்ற பக்கம்தான் இழுத்தது. வைரஸுக்குத் தாலி தெரியாது. ஒருவனோடு மட்டும் வாழ்ந்து, அந்த ஒருவனிடமிருந்தே வாங்கிக்கொண்ட பெண்களுக்கு அந்தச் சுவரெழுத்து என்ன சொன்னது?

நோயைப் பாவம் ஆக்கினால் நோயாளி தீட்டு ஆகிவிடுவார். தீட்டு தொட்டால் ஒட்டும், தண்ணீரில் கலக்கும். மொரப் ஏரியில் வேலை செய்தது கிருமி பற்றிய பயமா, தீட்டு பற்றிய பயமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். டெல்டாக்காரனுக்குத் தனி டம்ளர் புதுசு இல்லை. டீக்கடையில் சாதி பார்த்துத் தனிக் குவளை வைத்த மண் இது. புது நோய் வந்தபோது, பழைய டம்ளரை எடுத்து வைத்தோம்.

எங்கள் வீட்டிலும் வைத்தோம். என் தாய்மாமா அகஸ்தியன்பள்ளி உப்பு ஏற்றுகிற லாரியில் டிரைவர். 1997-ல் உடம்பு இளைத்து வந்தார். தஞ்சாவூரில் ரத்தம் பார்த்துச் சொன்னார்கள். கொல்லைப்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர். டம்ளர் அடியில் ஆணியால் ஒரு புள்ளி குத்தி வைத்திருந்தார்கள், மாறிவிடக் கூடாதாம். நான் அப்போது ப்ளஸ் டூ. போஸ்டரை ஆஸ்பத்திரியில் படித்தவன், பள்ளியில் ஒப்பித்தவன். ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சாப்பாட்டைக் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி வைத்துவிட்டு வருவேன். அவர் அதைக் கவனித்தார் என்பதும் தெரியும். எட்டு மாதம் இருந்தார். அரசின் இலவச ஏ.ஆர்.டி. மருந்து தாம்பரம் உள்ளிட்ட இடங்களில் தொடங்கியது 2004 ஏப்ரலில்.

அந்த மருந்துதான் போஸ்டரின் மூன்றாவது குறை. அது போஸ்டரில் இல்லவே இல்லை, இருந்தாலும் கீழே பொடி எழுத்தில். தினமும் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலமாகவும் அவர் யாருக்கும் கடத்துவதில்லை. சென்னையும் ஒரு மையமாக இருந்த எச்.பி.டி.என். 052 ஆய்வில், சீக்கிரம் மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைவதாக 2011-ல் தெரிந்தது. பிறகு ஐரோப்பாவில் பார்ட்னர் ஆய்வு, 2016-ல் முடிவு வந்தது. 888 ஜோடிகள், ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 தடவை உறவு, துணையிடமிருந்து தொற்றியது பூஜ்யம். நாலாவது கேள்வி, எவ்வளவு என்பது, மற்ற மூன்றையும் தோற்கடிக்கும் இடம் இது. பரவும் வழிகளில் முதல் வரியையே திருத்தி எழுத வேண்டிய செய்தி. எங்கள் ஊர்ச் சுவரில் இன்னும் திருத்தவில்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்ததன் விலையும் அதே 2018-ல் தெரிந்தது. மொரப் ஏரியை இறைத்த அதே டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது வெளியே வந்தது. ரத்தம் ஏற்றுவது நாலு கேள்விக்கும் ஆம் சொல்கிற வழி, தொற்றும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல். ரத்தம் கொடுத்த இளைஞருக்கு 2016-லேயே தொற்று தெரியவந்தும் அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்று செய்திகள் சொல்லின. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் அவரே ரத்த வங்கிக்குச் சொன்னார். அவர் சொல்லாவிட்டால் விஷயம் வெளியே வந்தேயிருக்காது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு மருந்து தொடங்கினார்கள். ஜனவரியில் மதுரையில் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னால் பரிசோதனையில் தெரிந்தது.

ஒரு பக்கம் 36 ஏக்கர் தண்ணீர், இன்னொரு பக்கம் ஒரு பை ரத்தம். எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்ற 2017-ஆம் வருஷச் சட்டம் அமலுக்கு வந்தது அதே ஆண்டு செப்டம்பர் 10-ல். பெரம்பலூர் பக்கம் ஒரு மாணவனை இதே காரணத்துக்காக அரசுப் பள்ளியில் சேர்க்க மறுத்ததாகச் செய்தி வந்தது அதற்குப் பிறகு, 2019-ல். பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்குப் பட்டியல் தெரியாமலா இருக்கும்?

இந்தப் பொங்கலுக்கு ஊரில் இருந்தபோது, இந்தக் குறிப்புகளை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொசு வரைக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நியூயார்க் ஆய்வு வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

“டம்ளரும் ஒண்ணாவே பொழங்கினாங்களா?”

“ஆமாம்மா.”

“ஒருத்தருக்கும் வரலயா?”

“வரல.”

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஒங்க மாமா கடைசி வரைக்கும் அந்த டம்ளர அவரேதான் கழுவி வச்சாரு, நம்மளத் தொட விடல” என்றார்.

இது எனக்கு அதுவரை தெரியாது.